ஏறாத கண்ணாடி

சைடு மிரரைக் கையால் சரிசெய்யலாமென்று ஒத்தக்கால்மண்டபத்தில் ஒரு பேக்கரி முன்னால் காரை ஓரங்கட்டி, கதவுக் கண்ணாடியை இறக்கினாள் சண்முகப்ரியா. இறங்கினது இறங்கினதுதான். ஏற்றுவதற்குச் சுவிட்சை மேலே இழுத்தாள். நகம் வலித்ததுதான் மிச்சம்.

வானம் வேறு கருத்துக்கொண்டு வந்தது. சூலூர் கம்பெனியில் இன்று முதல் நாள். காரைத் தனியாக எடுத்துக்கொண்டு கிளம்பியதும் இன்றுதான். காலையில் கேட்டருகே நின்று புருஷன் பிரவின்குமார் கறாராகச் சொல்லியிருந்தான்: "போற வழியில வண்டி தொந்தரவு பண்ணுதுன்னு ஒரு போன் வந்துச்சு, நாளையிலிருந்து பஸ்ஸுதான், பாத்துக்க." இவளும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

மற்ற மூன்று கண்ணாடிகளையும் ஏற்றி இறக்கிப் பார்த்தாள். சமர்த்தாக ஏறி இறங்கின. இது மட்டும் என்ன கேடு? கதவில் இரண்டு தட்டுத் தட்டினாள். கண்ணாடியின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். மணியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், மறுபடி சுவிட்சை இழுத்தாள். முழங்கையில் முதல் மழைத்துளி விழுந்தபோது அழுகையே வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் போனை எடுத்தாள்.

"ஏனுங்க, டிரைவர் பக்கத்துக் கண்ணாடி ஏற மாட்டேங்குதுங்க. ஃபியூஸ் எங்கிருக்குன்னு மட்டும் சொல்லுங்க போதும்."

"நெனச்சேன்! எதையும் தொட்டுப்போடாத அம்மணி. பைக்குல வாரேன். சாவியக் குடுத்துப்போட்டு நீ பஸ்ஸேறு."

அவன் குரலில் வருத்தத்தைவிடச் சந்தோஷம்தான் கூடுதலாக இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது. ஃபியூஸ் போயிருந்தால் சுவிட்சாவது அசைய வேண்டாமா? இது மேலே வரவே மறுக்கிறதே என்று குனிந்து பார்த்தாள். சுவிட்சைச் சுற்றியிருந்த இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகிக் கிடந்தது.

சந்தனம்! முந்தாநாள் ஆயுத பூஜைக்குத் தண்ணீராகக் கரைத்து, ஸ்டியரிங், கியர், சுவிட்சு என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தவன் பிரவின்குமார். டிரைவர் பக்கத்துச் சுவிட்சுக்குப் பக்தி கொஞ்சம் தூக்கலாகவே வழிந்திருந்தது.

வண்டியை அணைத்துவிட்டு, துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி இடுக்கைச் சுரண்டினாள். துகள் துகளாக வந்தது. ஊதினாள், மறுபடி சுரண்டினாள். சாவியைத் திருப்பிச் சுவிட்சை இழுத்தபோது அது 'டக்'கென்று மேலே வந்தது. கண்ணாடி முனகிக்கொண்டே ஏறி முடிக்கவும் மழை சடசடவென்று பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அவள் கிளம்பப் போன நேரத்தில் பிரவின்குமார் தொப்பலாக நனைந்து வந்து கண்ணாடியைத் தட்டினான். அவள் பாதி இறக்கினாள். அது இறங்குவதைக் கவனிக்காமலே கையை உள்ளே நீட்டினான்.

"சாவியக் குடு."

அவள் அந்த உள்ளங்கையில் ஊக்கை வைத்தாள். நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"நீங்க வெச்ச சந்தனமுங்க. சுவிட்சு இடுக்குல காஞ்சு போயிருந்துச்சு. எடுத்துப்போட்டேன்."

அவன் ஊக்கைப் பார்த்தான். கையை வெளியே இழுத்துக்கொண்டான்.

"நனையாம பேக்கரில ஒதுங்குங்க. எனக்கு நேரமாச்சு. நாளைக்கும் வண்டி எனக்கு வேணுமுங்க."

சொல்லிவிட்டுக் கண்ணாடியை முழுசாக ஏற்றினாள்.