மோட்டார் எத்தனை தடவை ஓடுகிறது?

1.

இந்தக் கதை என்னுடையதல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அக்காவிடமிருந்து சுட்டது. அவள் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். போனில் மூச்சுவிடாமல் சொன்னாள்; நான் கையில் அகப்பட்ட கவரின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டேன். முதல் வரி இப்படி வந்தது:

தண்ணீர் என்பது வாழ்வின்

(அடித்துவிட்டேன். அக்கா படித்தால் சிரிப்பாள்.)

2.

நடந்தது இதுதான். பள்ளிக் கண்காட்சிக்கு அவள் வகுப்பு ஒரு குட்டி நீர்மின் நிலையம் செய்தது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், அதன் வாயில் பிளாஸ்டிக் கரண்டிகளால் ஆன சக்கரம்*, அதோடு ஒரு சைக்கிள் டைனமோ, கடைசியில் ஒரு விளக்கு. குழாயைத் திறந்ததும் விளக்கு எரிந்தது. முப்பது பிள்ளைகளும் துள்ளிக் குதித்தார்கள். அக்காவும்தான்.

அப்போது, வகுப்பில் 'வக்கீல்' என்று பேர் வாங்கிய பெண் கை தூக்கினாள்.

"டீச்சர், அந்தத் தண்ணிய மேல ஏத்தினது எது?"

கீழே இருக்கும் மோட்டார். கரண்டில் ஓடும் மோட்டார்.

(* சக்கரம் மூன்று முறை உடைந்தது. கதைக்குத் தேவையில்லை. ஆனால் ராத்திரி பகலாக ஒட்டியவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.)

3.

என் முதல் பிரதியில் டீச்சர் புன்னகைத்து, அந்தப் பெண்ணின் முதுகில் தட்டிக்கொடுத்தாள். படித்துக்காட்டினேன். அக்கா பாதியிலேயே நிறுத்தினாள்.

"பொய் எழுதாதடா. உட்காருன்னு அதட்டினேன். அதை எழுது."

எழுதுகிறேன். அதட்டினாள். கண்காட்சிக்கு ஆறே நாள். தலைமையாசிரியர் வேறு, எங்கள் பிள்ளைகள் தண்ணீரில் விளக்கு எரிக்கிறார்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்து வைத்திருந்தார். வக்கீல் உட்கார்ந்தாள். மதியம் அக்காவுக்கு, சரியான கேள்வியின் வாயை அடைத்துவிட்டோமே என்று குத்தியது. அடுத்த பீரியடில் நேராகப் போய் அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினாள்.

"இவ கேட்டது சரி. நான் அதட்டினது தப்பு. வாங்க, அளந்து பாக்கலாம்."

4.

(இங்கே அக்காவின் குரல் வேகம் பிடித்தது. என் பேனா பின்னாலேயே ஓடியது.)

அளந்தார்கள். தொட்டியை ஒருமுறை நிரப்ப மோட்டார் தின்ற கரண்டில் நாற்பதில் ஒரு பங்கைக்கூட, அந்தத் தொட்டி முழுவதும் இறங்கினாலும், விளக்கு திருப்பித் தரவில்லை. யார் முகமும் தொங்கவில்லை, கரண்டைச் செய்ய முடியாவிட்டால் மிச்சம் பிடிக்கலாமா என்று துப்பறியக் கிளம்பிவிட்டார்கள். மோட்டார் ஒரு நாளில் எத்தனை தடவை ஓடுகிறது? மூன்று, போன வருஷம் இரண்டுதான் என்றார் வாட்ச்மேன். அப்படியானால் ஒரு தொட்டித் தண்ணீர் தினமும் எங்கே போகிறது?

கழிப்பறைகளில் எட்டு ஃப்ளஷ் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் நீல மையை ஊற்றி, யாரையும் உள்ளே விடாமல் அரைமணி நேரம் காவல் நின்றார்கள். ஐந்து கழிப்பறைக் கோப்பைகளில் நீலம் தானாக இறங்கியிருந்தது. சத்தமே போடாத கசிவு. பிளம்பர் வந்து ஐந்து ரப்பர் வாஷரை மாற்றினார்.

மறுநாள் முழுக்க மோட்டார் ரூம் வாசலில் பிள்ளைகள் முறைவைத்து நின்றார்கள். இரண்டே தடவை. அன்று மிச்சமான கரண்டில் அவர்கள் விளக்கு பத்து நாள் அணையாமல் எரியும் என்று கணக்குப் போட்டவள் வக்கீல்.

5.

கண்காட்சியில் சக்கரம் ஓரமாக நின்றது. மேசை நடுவில் தேய்ந்த ஐந்து வாஷர்கள். விளக்கைப் போடச் சொல்லித் தலைமையாசிரியர் கண்ணைக் காட்டினார். அக்கா பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். வக்கீல் விளக்கிச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு நடுவர், "அந்த ரெண்டு தடவையும் மோட்டார் ஓடித்தான் ஆகணுமா?" என்றார்.

வக்கீல் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். தலைமையாசிரியரும் பார்த்தார்.

"தெரியல சார்," என்றாள் அக்கா. "அதை நாங்க இன்னும் அளக்கல."

அவ்வளவுதான். முப்பது பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். மோட்டாருக்குச் சூரியத் தகடு வைக்கலாம் என்றான் ஒருவன். மழைத் தண்ணீரை மாடியிலேயே பிடித்தால் ஏற்றவே வேண்டாமே என்றாள் ஒருத்தி. எவ்வளவு பிடிக்கலாம் என்று வக்கீல் மடக்கினாள். நடுவர் மார்க் போடுவதை விட்டுவிட்டு மாடியின் நீளம் என்ன என்று கேட்டார்.

பரிசு கிடைத்ததா? கிடைத்தது என்று ஒரு முடிவு எழுதினேன். கிடைக்கவில்லை என்று இன்னொன்று. இரண்டையும் அடித்தாயிற்று. உங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. மாடியை அளக்க வீட்டில் நீள டேப் இருக்கிறதா என்று அக்கா கேட்டாள். இருக்கிறது. கிளம்புகிறேன்.