பட்டினி போட்ட ஓரா

நான் தங்கியிருக்கும் அக்கா வீட்டு அத்தானுக்கு மீனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தட்டில் வந்து விழும் பொரித்த துண்டுதான். அப்படிப்பட்டவர் அன்று காலை என் லேபுக்கு ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே ஆறு ஓரா மீன்கள்.

கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் கடற்புல்லையும் பாசியையும் மேய்கிற மீன் ஓரா. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஆடு மாதிரி வாய் ஓயாது. முள் குத்தினால் கை வீங்கிவிடும் என்பதால் தடித்த கையுறை போட்டுத்தான் அறுப்பேன். வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. ஊரை ஒட்டிய குடாவைத் தோண்டித் துறைமுகம் கட்டப்போகும் கம்பெனியில் அத்தான் மேலாளர். அடியில் புல் இருந்தால் அனுமதி கிடையாது. "வெறும் மணல்" என்று அவர் ஏற்கெனவே அடித்துச் சொல்லிவிட்டார். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"நேத்து சாயங்காலம் அந்தக் குடாவுல பிடிச்சு, உடனே ஐஸ்ல போட்டது. புல் இருக்கான்னு நீயே பாரு."

அறுத்தேன். உடம்பைவிட மூன்று மடங்கு நீளமான குடல், துடைத்துவிட்ட மாதிரி காலி.

"பாத்தியா? போடு கையெழுத்த."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரலுக்குப் பக்கத்தில் பித்தப்பை கரும்பச்சையாக உப்பிக் கிடந்தது. தின்கிற மீனுக்குப் பித்தம் அவ்வப்போது இறங்கிவிடும். பட்டினி கிடந்தால்தான் இப்படித் தேங்கும். ஆறிலும் அதே கதை.

"ரெண்டு மூணு நாள் தொட்டியில பட்டினி போட்டிருக்கீங்க அத்தான். குடலைக் காலி பண்ணத் தெரிஞ்சுது, பித்தப்பையப் பத்தி யாரும் சொல்லித் தரலையா?"

அவர் முகம் கறுத்துப்போனது. "யார் வீட்டுச் சோறு திங்கிறேன்னு ஞாபகம் வெச்சுக்க. கையெழுத்து இல்லாம என் வீட்டுப் படி ஏறாத."

"ஏறல."

'பட்டினி போடப்பட்ட மீன்கள். சான்றாக ஏற்க முடியாது' என்று எழுதி, அவர் கண் முன்னாலேயே மேலிடத்துக்கு அனுப்பினேன். அந்த ஆளை அறைந்திருந்தால்கூட அவ்வளவு நிம்மதி கிடைத்திருக்காது.

மதியம் துணிமணி எடுக்கப் போனேன். அத்தான் இன்னும் வீடு திரும்பவில்லை. ஆனால் என் பெட்டி வாசலில் கிடந்தது. அக்கா கதவைத் திறக்காமல் ஜன்னலில் நின்றாள்.

"நான்தான் வெளிய வெச்சேன். அவர் போன்ல எல்லாம் சொல்லிட்டாரு. என் புருஷன் வேலைக்கே உலை வெச்சுட்டியே, பாவி!"

"பொய் சொன்னது அவர்தான், அக்கா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கா தெரியாது? மூணு நாளா மாடிக் கதவு எதுக்குப் பூட்டியிருந்ததுன்னு நெனச்ச? அந்த மீனுக்கு உப்புத் தண்ணி மாத்தினதே நான்தான்டி."

ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.