கோடு சரியாகத்தான் இருந்தது

இசிஜி எடுப்பதில் எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். தாளைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன் என்ற திமிர் வேறு. எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்கள் சொந்தக்காரர்களைச் சீட்டுப் போடாமல் பக்கவாட்டுக் கதவு வழியாக என்னிடம்தான் கூட்டி வருவார்கள். பதிவேட்டில் ஏறாது, டாக்டரும் பார்க்க மாட்டார். நான் பார்த்துச் சொன்னால் போதும்.

என் அக்காவும் அப்படித்தான் வந்தாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். தாடை வலிக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் கோடு ஒழுங்காக இருந்தது. கேஸ் டிரபிள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இப்போதும் கோடு அப்படியேதான் ஓடியது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்சு இல்லடி, தாடை. வேர்த்துக் கொட்டுது."

"அப்போ பல் டாக்டர்கிட்ட போக வேண்டியதுதானே?"

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார். அக்காவின் ஈர நெற்றியைத் தொட்டார். தாளைப் பார்த்தார். உடனே வார்டில் படுக்க வைத்து, ஒரு மாத்திரை கொடுத்து, ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"கோடு சரியாத்தானே இருக்கு, டாக்டர்?"

"இருக்கு. அதனாலதான் ரத்தம் பாக்கணும்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இதயத் தசை கெட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் இருபத்தெட்டு என்று வந்தது. இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம்.

"அப்போ ஹார்ட் அட்டாக்கா?"

"இப்பவே சொல்ல முடியாது. மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை பாப்போம். ஏறுதா, அப்படியே நிக்குதான்னு தெரியணும்."

ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் போய்விட்டார். நான் பொறுக்காமல் இரண்டு தடவை மறுபடி இசிஜி எடுத்தேன். கோடு மாறவே இல்லை. மெஷினைத் தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்றிருந்தது.

"உன் மூஞ்சியப் பாத்தா நீதான் பேஷன்ட் மாதிரி இருக்கே" என்று அக்கா சிரித்தாள்.

இரண்டாவது ரத்தத்தில் நூற்று அறுபது.

"அட்டாக்தான். ரத்தக்குழாய் முழுசா அடைச்சா பெரும்பாலும் கோடு மேல ஏறும். பாதி அடைச்சா ஏறாமலே இருக்கலாம். ஆனா உள்ள தசை கெட்டுக்கிட்டே இருக்கும்" என்றார் டாக்டரம்மா. பிறகு அக்காவிடம் திரும்பினார். "இதுக்கு முன்னாடி இந்த வலி வந்திருக்கா? அதை வெச்சுத்தான் ஆஞ்சியோ பண்ணி அடைப்பைப் பாக்கறது இன்னைக்கா நாளைக்கான்னு முடிவு பண்ணணும்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இல்லீங்க. இன்னைக்குத்தான்."

டாக்டரம்மா எழுதத் தொடங்கினார். நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பயம்தான், வேறென்ன. இருபத்திரண்டு வருட வேலை, இருபத்திரண்டு வருடப் பேர்.

"வந்திருக்கு டாக்டர். இதே வாரத்துல ரெண்டு தடவை. பதிவு போடாம இசிஜி எடுத்து, ஒண்ணுமில்லன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன்."

டாக்டரம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுதியதை அடித்துவிட்டு ஆஞ்சியோ அறைக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு இல்ல. இப்பவே."

அக்கா என் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"ஏண்டி வாயத் தொறந்தே? உன் வேலை போயிடுமேடி!"

அதைச் சொல்லும்போதும் இன்னொரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.