கொலு மலைக்கு வந்த எச்சரிக்கை

பத்ரியின் மெஷின் லேர்னிங் மாடல் படு புத்திசாலி என்று அவனே சொல்லிக்கொண்டால்தான் உண்டு. மலையில் மழை ஊறி, மண்ணும் கல்லும் சேறாகப் பாய்ந்து வருவதை முன்கூட்டியே சொல்வதுதான் அதன் வேலை. லோணாவளா பக்கத்து மலைகளின் பழைய விவரங்களையெல்லாம் ஊட்டி வளர்த்தும், எந்த நாளைக் கேட்டாலும் "ஆபத்தில்லை" என்றே சொன்னது. பெரும்பாலான நாள் மலை சரியாமல்தானே இருக்கிறது! கள்ளப் பயல், சும்மா இருந்தே மார்க் வாங்கப் பார்த்தது.

"ஒரே ஒரு சரிவையாவது சரியாச் சொல்லட்டும். இல்லேன்னா ப்ராஜெக்டை மூடிடலாம்" என்று சொல்லிவிட்டாள் மேலாளர் ரோஹிணி.

அந்த நேரம் பார்த்து நவராத்திரி வந்தது. பிம்ப்ரி ஃப்ளாட்டின் ஹாலில், கொலுப்படிக்குப் பக்கத்தில், அவன் மனைவி வைஜயந்தி செம்மண்ணால் இடுப்பளவு மலை எழுப்பி, கடுகு முளைக்கவிட்டு, உச்சியில் முருகனை நிறுத்தினாள். தமிழ்ச் சங்கத்துக் கொலுப் போட்டியில் போன வருஷம் கைநழுவிய முதல் பரிசு இந்த வருஷம் வந்தே ஆகவேண்டும் அவளுக்கு. பத்ரிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. சரிவு, மண், ஈரம் எல்லாம் வீட்டுக்குள்ளேயே! அவள் குளிக்கப் போன நேரம் மலைக்குள் சென்சார்களைப் புதைத்து மாடலோடு இணைத்தான்.

நடுவர் வரும் மாலை, முளை பளிச்சென்று தெரியட்டுமென்று வைஜயந்தி ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக ஊற்றினாள். நடுவர் சரசா மாமி வாசலில் செருப்பைக் கழற்றும்போது பத்ரியின் போன் அலறியது: "சரிவு உறுதி."

சொல்லிவிட்டது! மலை சரியும்வரை கொஞ்சம் பொறுத்தால் ப்ராஜெக்ட் பிழைத்தது. முருகன் மெதுவாக முன்னால் சாய்ந்தார். வைஜயந்தி அதைப் பார்க்கவில்லை. பட்டுப்புடவையில், வாயெல்லாம் பல்லாக மாமியை வரவேற்றுக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தான். பாழாய்ப்போன ப்ராஜெக்ட்! போனை சோபாவில் வீசிவிட்டுப் பாய்ந்து மலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சட்டையெல்லாம் சேறு, கன்னத்தில் கடுகு முளை.

"என்னடி இது?" என்றாள் மாமி.

வைஜயந்தி கண்ணைக்கூடக் கொட்டவில்லை. "அனுமார், மாமி. சஞ்சீவி மலையோட. இந்த வருஷம் உயிருள்ள பொம்மை."

"மேலே முருகன் இருக்காரே?"

"லிஃப்ட் கேட்டார், மாமி."

மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முதல் பரிசு அங்கேயே முடிவாயிற்று. சோபாவில் கிடந்த போன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கணிப்பு தவறு" என்று காட்டியது.

"வைஜு, மாமி போயாச்சே, கையை எடுக்கட்டுமா?"

"மூச்! பில்டிங்கே பார்க்க வரப்போறது." அவன் வாயில் ஒரு பிடி சுண்டலைத் திணித்தாள். "நாளைக்கு வால் தைச்சுடறேன்."