வாத்துப் போட்ட மஞ்சள் துணி

கொமாத்ரே தூனியா எனக்கு மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது லெம்பிரா தரவேண்டியிருந்தது. அவளுடைய தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்ட நான் கொடுத்த பணம். என் சமையற்கட்டுக்குத் தகரம் வாங்க வைத்திருந்தது. புயலும் வெள்ளமும் வந்த வருஷம் பறந்துபோன கூரைக்குப் பதிலாக இன்னும் பிளாஸ்டிக் ஷீட்டுதான் கட்டியிருக்கிறேன். எங்கள் ஊர் சொலோமாவில் டிசம்பர் மழை பிடித்தால் விடாது. அடுப்பை அணையாமல் காப்பாற்றுவதே ஒரு வேலை.

"கிறிஸ்துமஸுக்குள்ள தந்துடுறேன் கொமாத்ரே" என்று சொல்லியிருந்தாள். அவள் மகள் கெய்லிக்கு நான் ஞானத்தாய். அதனால்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. அந்த உறவு வந்துவிட்டால் கோபத்திலும் 'நீங்க' என்பதை விடக்கூடாது.

நான் வேலை பார்ப்பது துணியைச் சோதிக்கிற இடத்தில். கம்பெனிகளிலிருந்து துணி வரும், நாங்கள் அதைப் பாடாய்ப் படுத்துவோம். தேய்ப்போம், கிழிப்போம், இரும்புக் குண்டுகளைப் போட்டுத் துவைப்போம், பொய் வியர்வையில் நனைத்துச் சூட்டில் வைப்போம். கடைசியில் கொளுத்துவோம். கொளுத்துகிற பக்கம்தான் என்னுடையது. துணியைப் பட்டையாக வெட்டி, பஞ்சு எழும்பும்படி பிரஷ் போட்டு, காயவைத்து, சட்டத்தில் சாய்வாக மாட்டிக் கொடுக்கவேண்டும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு நெருப்பு வந்து தொட்டுவிட்டுப் போகும். மேலே குறுக்காக ஒரு நூல். நெருப்பு ஏறி அந்த நூலை அறுத்தால் கடிகாரம் நின்றுவிடும். மற்றதெல்லாம் இஞ்சினியர் ஒல்வின் பார்த்துக்கொள்வார்.

நவம்பரில் ஒரு துணி வந்தது. மஞ்சளில் நீலத் தொப்பி போட்ட வாத்துகள். குழந்தைகள் இரவில் போடுகிற உடுப்புக்கானது. பூனைக்குட்டியின் வயிறு மாதிரி மெத்தென்றிருந்தது. தேய்த்தபோதும் துவைத்தபோதும் வியர்வையில் போட்டபோதும் சாயம் இம்மியும் நகரவில்லை. எல்லாரும் மெச்சினார்கள். பிறகு சட்டத்தில் மாட்டினோம். நெருப்பு தொட்டதுதான் தெரியும். எழும்பியிருந்த பஞ்சின் மேலேயே ஓடி, கண் மூடித் திறப்பதற்குள் உச்சிக்குப் போய்விட்டது. நூல் அறுந்தது. வேறு பட்டைகளை மாட்டினோம், அதேதான்.

"பெயில்" என்றார் ஒல்வின். "இந்தத் துணி மொத்தத்தையும் அரைச்சுப் பஞ்சாக்கிடுவாங்க."

நானும் அதோடு மறந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூனியா வீட்டுக்குப் போனேன். பணத்தைப் பற்றி நேராகக் கேட்க எனக்கு வாய் வராது. எதிரே போய் உட்கார்ந்தால் அவளே பேச்செடுப்பாள் என்று போனேன்.

"வாங்க கொமாத்ரே! கடன்காரி வீட்டுக்கு இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

"காப்பி குடிக்க வந்தேன். காசும் கூட வந்தா வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

அவள் சிரித்தாள். மெஷின் பக்கத்தில் ஒரு மூட்டை நிறையத் தைத்த உடுப்புகள். "பாருங்க, உங்க தகரமெல்லாம் அந்த மூட்டைக்குள்ளதான் இருக்கு."

நான் மூட்டையைப் பார்க்கவில்லை. கெய்லியைத்தான் பார்த்தேன். விறகடுப்புக்கு ஒரு கை தூரத்தில் நின்று, தொர்த்தியா ரொட்டி உப்புவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மஞ்சள். நீலத் தொப்பி போட்ட வாத்துகள்.

"கெய்லி, இங்க வாம்மா. அங்க நிக்காத. ஞானம்மாகிட்ட வா."

"ஏன், அவ தினமும் நிக்கிற எடந்தானே" என்றாள் தூனியா.

"இந்தத் துணி எங்க கெடச்சுது?"

"பாலத்தாண்ட இருக்கிற கம்பெனி குடோன்ல ஒருத்தன் எடைக்குப் போட்டான். பெயிலான துணியாம். சாயந்தானே போகும்? உப்பும் வினிகரும் கரைச்சு ஊறவச்சேன்."

எங்கள் பாரியோத் தெருக்களில் பெயிலான துணி என்றால் சாயம் போகிற துணி. வேறு எதற்காகவும் ஒரு துணி பெயிலாகும் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. எந்தத் துணி வந்தாலும் உப்பு, வினிகர். தூனியா வெள்ளைக் கைக்குட்டையை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, மகளின் முதுகில் அழுத்தித் தேய்த்துக் காட்டினாள்.

"ஒரு பொட்டு ஒட்டுச்சா? நீங்க சொல்லுவீங்களே, அதே மாதிரி சோதிச்சேன். இனிமே என்னையும் இஞ்சினியருன்னு கூப்பிடுங்க. ஒவ்வொண்ணுக்கும் பிரஷ் வேற போட்டேன். புசுபுசுன்னு இருந்தாத்தானே கை வைப்பாங்க."

பிரஷ் போட்டேன் என்றதும் நான் கெய்லியை அடுப்பிலிருந்து இன்னும் தள்ளி இழுத்துக்கொண்டேன்.

"அவளுக்கு வேற துணிய மாத்திவிடுங்க. மாத்துங்க, அப்புறம் சொல்றேன்."

கெய்லி அழுதுகொண்டே மாற்றப் போனாள். மெஷினுக்கடியில் கிடந்த வெட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, இடுக்கியில் பிடித்து அடுப்பின் ஓரத்தில் சாய்த்துக் காட்டினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். இடுக்கி மட்டும் என் கையில் இருந்தது. கருப்பாக ஏதோ தொர்த்தியாவின் மேல் விழுந்தது.

தூனியா அந்தத் தொர்த்தியாவை எடுத்து அடுப்புக்குள் போட்டாள். பிறகு, "எந்தத் துணி எரியாது? என் பாவாடை எரியாதா? உங்க சட்டை எரியாதா?" என்றாள்.

அவளுடைய கரித்துணியில் ஒரு மூலையைக் கிழித்து அதேபோலப் பிடித்தேன். பற்றிக்கொண்டது. ஆனால் அவசரமில்லாமல் எரிந்தது. தரையில் போட்டு மிதித்து அணைத்தேன். அதற்கு நேரம் இருந்தது.

"இதுக்குத்தான் அது பெயில் கொமாத்ரே. சாயத்துக்கு இல்ல. நானேதான் சட்டத்துல மாட்டினேன்."

"மூட்டை பூரா இதுதான்."

"தெரியுது."

"அடுப்புக்குள்ளயா கொழந்தைய வைக்கிறாங்க ஜனங்க?"

"இருபத்துநாலாம் தேதி ராத்திரி புதுசு போட்டுக்கிட்டு, கையில மத்தாப்பு வச்சுக்கிட்டு நம்ம தெருவுல எத்தனை பிள்ளைங்க ஓடும்? நீங்களே சொல்லுங்க."

அவள் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள், மறுபடி உள்ளே தள்ளினாள். "துணிக்கு நானே கடன் வாங்கித்தான் போட்டேன். இதை விக்கலைன்னா உங்களுக்கு எங்கேருந்து குடுப்பேன்? அதையும் உங்க சட்டத்துல மாட்டிப் பாத்து சொல்லு."

சொல்லு என்றுவிட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவளுக்கும் அது கேட்டிருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் பிளாஸ்டிக் கூரையை நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன், அதைத்தான் முதலில் நினைத்தேன். பிறகு, "என் கடனுக்கு அந்த மூட்டைய நான் எடுத்துக்கிறேன். கணக்கு தீந்துச்சு" என்றேன்.

"எனக்குப் பிச்சை போடவேண்டாம். மூட்டைய விக்கலை, போதுமா? கடன் கடன்தான். எப்பவாச்சும் தருவேன்."

நான் எழுந்தேன். காப்பி ஆறிப்போயிருந்தது. வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து சொன்னாள். "நேத்து சந்தையில மூணு வித்துட்டேன்."

இரண்டு எங்கள் தெருவிலேயே இருந்தன. சாயம் போகிறது என்று சொல்லித்தான் தூனியா திரும்ப வாங்கினாள். உண்மையைச் சொல்லியிருந்தால் இனி யாரும் அவளிடம் துணி வாங்கமாட்டார்கள். ஒருத்தி காசை எண்ணி வாங்கிக்கொண்டு, "உப்பு போடத் தெரியாதவளெல்லாம் தைக்க வந்துட்டா" என்று சொன்னாளாம். தூனியா அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மூன்றாவது, மலைக்குப் போகிறவள் ஒருத்தி வாங்கியது. காப்பிப்பழம் பறிக்கக் குடும்பத்தோடு போகிறவள். இடுப்பில் ஒரு பையன், தலையில் மூட்டை. மேலே குளிரும், கதகதப்பாக ஒன்று வேண்டும் என்று தடவிப் பார்த்து வாங்கினாளாம். பெயர் தெரியாது. எந்தத் தோட்டம் என்றும் தெரியாது. பறிக்கிறவர்கள் அங்கே கொட்டகையில் நடுவில் நெருப்பை மூட்டி அதைச் சுற்றித்தான் படுப்பார்கள். நானும் சின்னப் பெண்ணாக இருக்கும்போது படுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் மலைக்குப் போகிற பஸ் நிற்கிற இடத்தில் இறங்கி விசாரித்தேன். "பறிக்கிறவங்களா? வண்டி வண்டியாப் போறாங்கம்மா. எந்தப் பையன்னு கேக்கிறீங்க?" என்றார் டிக்கெட் கொடுக்கிறவர்.

இஞ்சினியர் ஒல்வினிடமும் சொன்னேன். அவர் நல்லவர். கேட்டதும் அப்போதே கம்பெனிக்குப் போன் போட்டார். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என்னிடம், "எல்லாத்தையும் அரைச்சாச்சுன்னு சொல்றாங்க தொமாசா. அதுக்குத் தாளும் வச்சிருக்காங்க. நான் விடமாட்டேன், மேல எழுதறேன்" என்றார். எழுதினார். அன்றைக்கு எனக்கு வேறு துணிகள் வந்திருந்தன. வெட்டினேன், பிரஷ் போட்டேன், மாட்டினேன்.

தூனியாவும் நானும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. மெஷின் சத்தம் கேட்கவில்லை, கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். வெட்டின துண்டுகளைத் தச்சர் தோன் எவெலியோ வாங்கிப்போனார். வருஷக் கடைசியில் கொளுத்துகிற பழைய வருஷப் பொம்மையை எங்கள் தெருவில் அவர்தான் கட்டுவார். உள்ளே திணிக்க ஏதாவது வேண்டும்.

முப்பத்தொன்றாம் தேதி வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நள்ளிரவு வரை வைத்திருந்தால் நனைந்துவிடும் என்று சாயங்காலமே கொளுத்த முடிவு செய்தார்கள். நான் போனபோது பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். வழக்கமாக ஆள் உயரத்தில் கட்டுவார். இந்த வருஷம் சின்னதாகக் கட்டியிருந்தார், ஏழு வயதுப் பிள்ளை அளவுக்கு. அதற்கு மாட்டியிருந்தது கெய்லியின் உடுப்பு. ஒன்றை மட்டும் தூனியா வெட்டாமல் வைத்திருந்திருக்கிறாள். மகள் அழுததற்காக வைத்திருந்து, கடைசியில் அவளே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

"அளவு சரியா இருக்கட்டும்னு பொம்மைய சின்னதாக் கட்டினேன்" என்றார் தோன் எவெலியோ பெருமையாக. "எவ்வளவு அழகா இருக்கு பாருங்க."

காலடியில் தீக்குச்சியைக் காட்டினார். கையை இழுப்பதற்குள் கழுத்து வரை போய்விட்டது. புருவம் கருகிப் பின்னால் சாய்ந்து விழுந்தார். எல்லாரும் ஓவென்று கைதட்டிச் சிரித்தார்கள். இவ்வளவு நல்லா எந்த வருஷமும் பிடிக்கலை என்றார்கள். உள்ளே இருந்த பட்டாசு வெடித்தது.

தூனியா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கெய்லியின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள். நாற்காலி எரிந்து ஒரு பக்கமாகச் சரிந்தது.

"மலைக்குப் போனது" என்றாள்.

"ம்."

"அங்க இன்னும் குளிராத்தான் இருக்கும், இல்ல?"

நான் தலையாட்டினேன். முதல் தூறல் விழுந்தது. ஜனங்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். என் அடுப்பு நனைந்துகொண்டிருக்கும் என்று தெரியும். நான் நகரவில்லை.

"அந்தக் காசு வேண்டாம் கொமாத்ரே" என்றேன். "தரவேண்டாம். இனிமே அதைப் பத்திப் பேசவேண்டாம்."

போன தடவை மாதிரி பிச்சை என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் நெருப்பையே பார்த்துக்கொண்டு, "சரி" என்றாள்.