பிடுங்கிய பிளக்

சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷின் பாதியில் நின்றதுமே அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். தெருவெங்கும் கரண்ட் போயிருந்தது. மேஸ்திரியிடம் சொல்லக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடினாள். லிஃப்ட் செத்துக் கிடந்தது. படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து மாடிமேல் மாடியாக ஏறினாள்.

புருஷன் கல் அறுக்கிறவன். சமையல்மேடைக் கல்லை அறுத்து அறுத்து, தூளெல்லாம் நெஞ்சுக்குள் போய் இறுகிவிட்டது. இப்போது நாள் முழுக்க மூக்கில் குழாய். கட்டிலோரம் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருக்கும்.

இன்னொரு ஓரத்தில் கம்ப்யூட்டர். எங்கேயோ இருக்கும் ஆராய்ச்சிக்காரர்கள், நுரையீரல் தழும்புக்கு மருந்து தேடும் கணக்கைத் துண்டு துண்டாக்கி, விரும்புகிறவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறார்கள். கூலி கிடையாது. இவனுக்கு வந்த துண்டு மாதக்கணக்காக ஓடுகிறது. நடுவில் அணைந்தால் செய்தது அத்தனையும் போச்சு, மறுபடி முதலிலிருந்துதான். ஏற்கெனவே ஒருமுறை அப்படிப் போனபோது இழவு வீடு மாதிரி இருந்தது.

"உங்க மூத்த சம்சாரம் சௌக்கியமா?" என்பாள் அவள், கம்ப்யூட்டரைக் காட்டி.

"உன்ன மாதிரி வாயாடாம வேல செய்யுது," என்பான்.

கரண்ட் போனால் சமாளிக்க ஒரு பேட்டரிப் பெட்டி உண்டு. ஒன்றைத்தான் தாங்கும். இரண்டை மாட்டினால் கத்திவிட்டு அணைந்துவிடும். கரண்ட் இருக்கும்வரை அதில் கம்ப்யூட்டர் இருக்கலாம், போன நிமிஷமே அதைப் பிடுங்கிவிட்டு ஆக்சிஜன் மெஷினை மாட்ட வேண்டும் என்பதுதான் பேச்சு. அவனும் தலையாட்டியிருந்தான்.

கதவைத் திறந்தாள். உறுமல் இல்லை. கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் அவன் வாயைப் பிளந்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"யோவ்! என்னய்யா பண்ற?" கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"இன்னும்... கொஞ்ச நேரந்தான்... முடிஞ்சிடும்... அசையாம இருந்தா... தாங்கும்..."

அவள் பிளக்கை நோக்கிக் குனிந்தாள்.

"தொடாதடி... உன் கால்ல விழறேன்..."

பிடுங்கினாள். திரை கறுத்தது. மெஷினை மாட்டிக் குழாயை மூக்கில் சொருகி, விட்டால் காற்று நின்றுவிடும் என்பதுபோல் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள்.

நிறம் திரும்பியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "கொன்னுட்டியே."

கரண்ட் வந்ததும் அவன்தான் கம்ப்யூட்டரைச் சுவர் பிளக்கில் போட்டான். முடித்துத் தர வேண்டிய கெடு அன்றோடு முடிந்துவிட்டதால் அந்தத் துண்டை வேறு வீட்டுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

"அப்ப வேற யாரோ முடிச்சிடுவாங்கல்ல? எதுக்கு இந்தக் கூத்து?"

"பட்டறையில இன்னும் ஆறு பேரு அறுத்துக்கிட்டிருக்கானுங்க. எனக்கு மருந்து வராது, தெரியும். அவனுங்களுக்காவது..."

"அவங்க கணக்கு வேற வீட்டுல ஓடும். எனக்கு வேற வீட்டுல புருஷன் இருக்கானா?"

அவன் திரைப் பக்கம் திரும்பினான். புதுத் துண்டு வேண்டுமா என்று திரை கேட்டது. முடியும் நாள் அடுத்த கோடையில் என்று கீழே போட்டிருந்தது. மழைக்காலம் தாண்டினாலே பெரிசு என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவள் அவனிடம் மூச்சு விடவில்லை. ஆனால் அந்தத் தேதியை அவன் பார்த்த பார்வையில், அவனுக்கும் தெரியும் என்று புரிந்தது.

"அடுத்த தடவ புடுங்க மாட்டேன்னு சொல்லு. போடறேன்."

"புடுங்குவேன்."

"ஒரு பேச்சுக்காவது சொல்லேண்டி."

"வராது எனக்கு."

வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு, கம்ப்யூட்டரை அவனே அணைத்தான். கட்டிலுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டான்.

சலவைக்கூடத்தில் போட்டது போட்டபடி விட்டு வந்த வேலை கிடந்தது. செருப்பை மாட்டி வாசல்வரை போனாள். ஆக்சிஜன் மெஷினின் பிளக், அவன் நினைத்தால் பிடுங்கும்படி, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.