ஓர வரிசை

ரெஜிலா மேடம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஓர வரிசையில் அந்த ஒற்றைப் பயிரின் தாள் மட்டும் நின்றது, கதிரைக் காணோம். எலி கடித்திருந்தால் எலியைத் திட்டியிருக்கலாம். இது அரிவாள் வெட்டு.

எங்கள் நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் மகாராஜா காலத்தில் சேகரித்த ரகங்கள் உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை விதைத்துப் புது விதை எடுக்காவிட்டால் உயிர் போய்விடும். உவர்க்குறுவையை ஆளாளுக்கு மறந்து தொலைத்திருக்கிறோம். கடலோர உப்பு நிலத்தில் விளைந்த சிவப்பு நெல் அது. வயலில் உப்புநீர் ஏறுகிறதென்று விவசாயிகள் வந்து கத்திய பிறகுதான் தேடினோம். வேறெங்கும் விதை இல்லை. மிச்சமிருந்த பொட்டலம் முழுவதையும் மேடம் ஈரத்துணியில் கட்டி வைத்தார். ஒன்றே ஒன்று முளைத்தது. தொட்டியில் வேர் அழுகத் தொடங்கவும், தண்ணீர் தேங்காத இடமென்று வயலோரத்தில் நட்டார். பெயரெழுதிக் கட்டியிருந்த அட்டை மழையில் எங்கோ போயிற்று. வந்தது ஒரே கதிர், அதிலும் பாதிக்கு மேல் பதர். அதற்கே மனுஷி கல்யாண வீட்டுக்காரி மாதிரி சிரித்துக்கொண்டு திரிந்தார்.

ஓரத்துப் பயிருக்கு வெயிலும் காற்றும் கூடுதல் என்பதால் அதன் விளைச்சலை நாங்கள் எடைக்குச் சேர்ப்பதில்லை. அது வேலைக்காரர்களுக்கு என்பது பண்ணை வழக்கம். ஆடியில் நிறைபுத்தரிக்கு, வீட்டு வாசல் நிலையில் புதுக்கதிர் செருகிப் புத்தரிசிப் பாயசம் வைக்க, எல்லோரும் அங்கேதான் அறுப்பார்கள். இன்று நிறைபுத்தரி. வயலெல்லாம் பச்சை. முற்றி நின்றது அது ஒன்றுதான். முத்துக்கனி, மகள் நந்தனாவின் பேறுகாலத்துக்கென்று மாதக்கணக்கில் வராமல் இருந்துவிட்டு நேற்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவளிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. காலையில் அவள் கதிரோடு போனதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார்.

மேடத்தைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நிலையில் சாணி உருண்டையில் கதிர் ஒட்டியிருந்தது. மேடம் ஒவ்வொன்றாக விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தார். எல்லாம் பதர்.

"மணி பிடிச்சதை நகத்தால உரிச்சுப் பாயசத்துல போட்டாச்சு மேடம்," என்றாள் முத்துக்கனி. "பேரப்பிள்ளைக்கு இன்னைக்கு மொதச் சோறுல்லா."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். மேடம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

முத்துக்கனி அவருக்குப் பாய் விரித்தாள். வெந்த சிவப்பு மணிகளைத் தேடியெடுத்துக் குழந்தைக்கென்று ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தாள். படித்த கை, நீங்களே ஊட்டிவிடுங்கள் என்று நந்தனா குழந்தையை அவர் மடியில் வைத்தாள். மேடம் வெகுநேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மணிகளை விரலால் மசித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் நாக்கில் வைத்தார். குழந்தை முதலில் முகத்தைச் சுளித்தது. அப்புறம் சப்புக்கொட்டி விழுங்கியது.

"அடுத்த பூ வெள்ளாமைக்கும் இதையே கொஞ்சம் நடுங்க மேடம்," என்றாள் முத்துக்கனி.

சரியென்று தலையாட்டிய மேடம், கிண்ணத்தின் அடியை வழித்து வைத்தார். அதுவும் உள்ளே போயிற்று. குழந்தை அவருடைய வெறும் விரலைப் பிடித்து இழுத்தபடி, இன்னும் கேட்டு வாயைத் திறந்து வைத்திருந்தது.